பிளென்ஹைமா, கோல்ட் கிஸ்ட்டா?

தெற்குக் கலிபோர்னியாவில் வீட்டுக்கு ஒரே ஒரு ஆப்ரிகாட் மரம் வைக்க நினைப்பவர்கள் பலர் இந்த இரண்டு ரகங்களுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

குளிர்: நன்றாகப் பூத்துக் காய்க்க, பிளென்ஹைமுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மொத்தம் சுமார் 400 மணி நேரம் வேண்டும். கோல்ட் கிஸ்ட்டுக்கு 300 போதும்.

சுவை: பிளென்ஹைம்தான், சந்தேகமே இல்லை. சான்டா கிளாரா பள்ளத்தாக்கில் உலர்பழத்துக்காகத் தோப்பு தோப்பாக வளர்த்த ரகம். ஆனால் பழுக்கும் நேரத்தில் வெயில் 38 டிகிரியைத் தாண்டினால் கொட்டையைச் சுற்றிச் சதை பழுப்பாகிக் குழைந்துவிடும்.

அறுவடை: கோல்ட் கிஸ்ட் சில வாரங்கள் முந்திக்கொள்ளும்.

பராமரிப்பு: இரண்டும் ஒன்றுதான். மகரந்தச் சேர்க்கைக்குத் துணை மரம் வேண்டாம். கவாத்து மட்டும் கோடை முடிவில். மழைக்காலத்தில் வெட்டினால் காயத்தில் பூஞ்சை இறங்கும்.

கடலோரம், குளிர் குறைவு என்றால் கோல்ட் கிஸ்ட். குளிரும் கிடைத்து, கோடையும் மிதமாக இருந்தால், அதுவும் ஜாம் போடுகிற வீடென்றால், பிளென்ஹைமை விடாதீர்கள்.