பதினோரு வயது டீசல் எஸ்டேட் காரில் 76,000 கிலோமீட்டர்

நாற்பது மாதங்களுக்கு முன்பு, பதினோரு வயதான டீசல் எஸ்டேட் கார் (கூரை பின்புறம்வரை நீண்டு, பெரிய டிக்கி கொண்ட வகை) ஒன்றை வாங்கினேன். அன்று அதன் ஓடோமீட்டர் 1,87,000 கிலோமீட்டர் காட்டியது. இன்று 2,63,000-ஐத் தாண்டியிருக்கிறது. இரண்டு லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட காமன் ரெயில் இன்ஜின் (உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கிய ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லாச் சிலிண்டர்களுக்கும் தெளிக்கும் வகை), ஆறு கியர்கள், கையால் மாற்றும் கியர்பெட்டி. புகைத்துகள் வடிகட்டியான டிபிஎஃப் உண்டு. புகையைச் சுத்திகரிக்க யூரியா கரைசல் ஊற்றும் அமைப்பு கிடையாது. தயாரிப்பாளரின் பெயரை எழுதவில்லை, ஏனெனில் நான் சந்தித்த கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தத் தலைமுறை டீசல் கார்கள் பலவற்றுக்கும் பொதுவானவை.

அப்போது வேலைக்குச் செல்லும் தூரம் ஒரு வழிக்கு 62 கிலோமீட்டர்; அதில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை. டீசல் இன்ஜினுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது. ஒரு லிட்டர் டீசலில், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடப் பத்து சதவீதத்துக்கும் சற்று அதிகமான ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பது ஒரு காரணம். மற்றொன்று, டீசல் இன்ஜின் காற்றை மறித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. உள்ளே தெளிக்கும் எரிபொருளின் அளவைக் கொண்டே கட்டுப்படுத்துகிறது, ஆகவே மிதமான வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது அதன் சிக்கனம் நன்றாக வெளிப்படும். ஒவ்வொரு முறை டாங்கை நிரப்பும்போதும் குறிப்பேட்டில் எழுதி வந்த கணக்கின்படி, நெடுஞ்சாலைக் காலத்தின் சராசரி லிட்டருக்கு 18.5 கிலோமீட்டர். காரின் திரை அதே காலத்தில் 19.6 என்று காட்டியது. திரை சொல்வதை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வாங்குவதற்கு முன் ஆறு கார்களைப் பார்த்தேன். அவற்றுள் 80,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய ஒன்றும் இருந்தது. பார்க்கப் புதிதுபோல் இருந்த அந்தக் காரை விட்டுவிட்டு, அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஓடிய காரை நான் எடுத்ததைப் பலரும் விளங்காத முடிவாகக் கருதினார்கள். ஆனால் குறைவாக ஓடிய காரின் உரிமையாளர் அதைப் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்களுக்கே எடுத்துச் சென்றதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். ஆயில் மாற்றியதற்கான ரசீதுகளும் நான்கு ஆண்டுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தன. நான் வாங்கிய காரிலோ, முதல் ஆண்டு முதல் ஆயில் மாற்றம், வடிகட்டி மாற்றம், பிரேக் வேலை என ஒவ்வொன்றுக்கும் தேதியும் கிலோமீட்டரும் எழுதிய தாள்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அந்த எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக ஏறியதே ஓடோமீட்டர் திருத்தப்படவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த வலுவான சான்று. கிளட்ச் பெடலின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம், ஸ்டீயரிங்கின் மேல்தோல் ஆகியவற்றின் தேய்மானமும் அதனோடு ஒத்துப்போனது.

காரைப் பார்க்க வருவதற்கு முன் அதை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டேன். போனவுடன் பானெட்டின் மேல் கைவைத்துப் பார்த்தேன். டீசல் இன்ஜினின் நோய்கள் குளிர்ந்த நிலையில்தான் வெளியே தெரியும். குளிர்ந்த இன்ஜின் கிளம்புவதற்காகச் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக் பழுதாக இருந்தாலோ, இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காவிட்டாலோ, முதல் சில நொடிகளில் நடுக்கமும் வெண்புகையும் வரும். சூடான பிறகு அதே இன்ஜின் எந்தக் குறையும் இல்லாததுபோல் ஓடும். பிறகு சைலன்சர் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பார்த்தேன். டிபிஎஃப் ஒழுங்காக வேலை செய்யும் காரில் அந்தக் குழாய் ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும். கரி அப்பியிருந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதன் உட்பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். நான் பார்த்த ஆறு கார்களில் இரண்டில் விரல் கறுப்பானது. அப்படி வெட்டியெடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, அந்த வேலையைச் செய்தவர் காரின் மற்ற கோளாறுகளையும் இதே மனப்பான்மையோடுதான் அணுகியிருப்பார் என்பது என் எண்ணம்.

கிளட்சைச் சோதிக்க, நான்காம் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் ஓடும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினேன். வேகம் கூடாமல் சுழற்சி மட்டும் கூடினால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினை நிறுத்தும்போது தடதடவென்ற உதறல் கேட்டால், அதிர்வை உள்வாங்கும் இரட்டை ஃப்ளைவீலின் ஆயுள் முடியப்போகிறது. என் காரில் அந்த உதறல் லேசாகக் கேட்கவே செய்தது. தெரிந்தேதான் வாங்கினேன், அதைச் சொல்லி விலையையும் குறைத்துக்கொண்டேன். எதிர்பார்த்தபடியே 2,14,000-இல் ஃப்ளைவீலையும் கிளட்சையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. இந்த நாற்பது மாதங்களில் மிகப் பெரிய செலவு அதுதான். டைமிங் பெல்ட்டை மட்டும் எந்தப் பேச்சுக்கும் இடம் கொடுக்காமல், தண்ணீர் பம்ப்போடு சேர்த்து வாங்கிய வாரமே மாற்றிவிட்டேன். முந்தைய மாற்றத்துக்கு ரசீது இல்லை. அந்தப் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், அதன் பிறகு பழுதுபார்ப்பதற்கு இன்ஜினில் அதிகம் மிஞ்சாது.

முதல் இருபத்தாறு மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கார் ஓடியது. ஆறாம் கியரில், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் ஏறக்குறைய 1,800 சுழற்சியில் முனகிக்கொண்டிருக்கும். ஒரு முறை டாங்கை நிரப்பினால் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகுதான் எரிபொருள் நிலையத்தின் நினைவே வரும்.

அதன் பிறகு என்னை வேறொரு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். வேலைக்கான தூரம் 62 கிலோமீட்டரிலிருந்து ஏழு கிலோமீட்டராகச் சுருங்கியது. நான் மகிழ்ந்தேன், கார் நோய்வாய்ப்பட்டது. டீசல் இன்ஜின் வெப்பத்தைக் குறைவாக வீணாக்குவதால் சூடேறுவதற்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. என் காரில் குளிர்விக்கும் நீர் 90 பாகையை எட்டவே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஆகும், ஆயில் அதற்கும் பின்னால்தான் சூடாகும். ஏழு கிலோமீட்டர் பயணத்தில் இன்ஜின் ஒரு நாளும் தன் வெப்பநிலையை அடையவில்லை. எரிபொருள் சிக்கனம் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டராக விழுந்தது; ஆனால் அது சிறிய தொல்லைதான்.

பெரிய தொல்லை டிபிஎஃப்-இல் இருந்து வந்தது. 2000-ஆம் ஆண்டில் பெஜோ 607 காரில் அறிமுகமாகி, 2009-இல் நடைமுறைக்கு வந்த யூரோ 5 என்ற ஐரோப்பிய புகை மாசு விதிகளுக்குப் பிறகு ஐரோப்பிய டீசல் கார்களில் தவிர்க்க முடியாததாகிவிட்ட இந்த வடிகட்டி, புகையிலுள்ள கரித்துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நிறையும்போது அவற்றை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு 600 பாகை அளவிலான வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை உண்டாக்க, இன்ஜின் கணினி வழக்கமான தெளிப்புக்குப் பின் தாமதமாகக் கூடுதல் டீசலைத் தெளிக்கிறது. நெடுஞ்சாலையில் இது நிகழ்வதே தெரியாது. நகருக்குள், சிக்னலில் நிற்கும்போது சுழற்சி ஆயிரத்துக்கு ஏறியிருப்பதையும், விசிறி வேகமாக ஓடுவதையும், சூடான உலோகத்தின் வாடையையும் கவனித்தால் எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம். அது முடியக் கால் மணி நேரமாவது ஆகும். நானோ அதற்குள் அலுவலகத்துக்கு வந்து சாவியைத் திருப்பிவிடுவேன். பாதியில் நின்ற வேலையை மறுநாள் கார் முதலிலிருந்து தொடங்கும். நான் மறுபடியும் பாதியில் நிறுத்துவேன்.

நான்காம் மாதத்தில் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தபோது, ஆயில் குறைவதற்குப் பதிலாக மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. முதலில் யாரோ அதிகம் ஊற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். வடிகட்டியைச் சூடாக்கத் தெளித்த டீசலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலந்திருக்கிறது என்பது பிறகே புரிந்தது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகளுக்கும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கும் பாதுகாப்புக் குறையும். இருந்தும் எந்த விளக்கும் எரியவில்லை. பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் ஆயில் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் டிபிஎஃப் விளக்கும் எரிந்தது. கையேடு சொன்னபடி நெடுஞ்சாலைக்குச் சென்று, 2,500 சுழற்சியில் அரை மணி நேரம் ஓட்டினேன், விளக்கு அணைந்தது. அடுத்த மாதம் மறுபடியும் எரிந்தபோது அந்த வைத்தியம் பலிக்கவில்லை. கார் தன் திறனைக் குறைத்துக்கொண்டு, மேட்டில் மூச்சுவாங்க ஆரம்பித்தது. பட்டறையில் கணினியை இணைத்து, நின்ற நிலையிலேயே கட்டாயமாக எரிக்க வைத்து, உடனே ஆயிலையும் மாற்றினார்கள். அதே சமயத்தில், வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடியும் இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வையும் கழற்றிக் காட்டினார் மெக்கானிக். புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து, தார் போன்ற கெட்டிக் குழம்பாக அதன் வாயில் பாதியை அடைத்திருந்தது. இரண்டு ஆண்டுகள் நெடுஞ்சாலையில் ஓடியபோது தலைகாட்டாத இவை அனைத்தும் ஒன்பது மாதங்களுக்குள் வந்தன, அந்த ஒன்பது மாதங்களில் கார் ஓடியது நாலாயிரம் கிலோமீட்டர் மட்டுமே.

கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது என்பதையும் அந்த மெக்கானிக்கிடமிருந்தே கற்றுக்கொண்டேன். ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்களின் மிச்சமான அந்தச் சாம்பல் வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்குகிறது. ஆகவேதான் இத்தகைய கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம். டப்பாவின் மேல் ஏசிஇஏ சி3 போன்ற வகைக் குறியீடு கையேட்டில் சொன்னதோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் இப்போது நான் ஆயில் வாங்குவதில்லை. மாற்றும் இடைவெளியையும் 15,000 கிலோமீட்டரிலிருந்து பத்தாயிரமாகக் குறைத்துவிட்டேன்.

மற்றப் பழுதுகளில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் மேட்டில் ஏறும்போது திடீரென்று இழுவை போய்விட்டது. முதலில் காட்டிய பட்டறையில், ஸ்டார்ட் செய்து கேட்ட மாத்திரத்தில் டர்போ போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. டர்போ போனால் வழக்கமாக வரும் நீலப் புகையோ ஆயில் குறைவோ இல்லை. வேறொருவரிடம் எடுத்துச் சென்றபோது, அவர் கீழே படுத்து, டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் குழாயின் அடிப்புறத்தில் ஆயில் கசிந்திருந்த ஈரத்தைக் காட்டினார். குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அழுத்திய காற்றெல்லாம் அதன் வழியே வெளியேற, கிடைத்த கொஞ்சக் காற்றில் டீசல் சரியாக எரிய முடியாமல் இழுவை போயிருந்தது. அரை மணி நேர வேலையில், டர்போவின் விலையோடு ஒப்பிடவே முடியாத ஒரு குழாயில் கதை முடிந்தது. இவை தவிர ஒரு க்ளோ பிளக், முன் சக்கரக் கைகளின் புஷ்கள், பிரேக் பேடுகள். வயதான எந்தக் காரிலும் வருபவைதான்.

எஸ்டேட் உடலமைப்பைப் பற்றி என் கருத்து மாறவே இல்லை. ஒரே காரின் செடான் வடிவத்தைவிடச் சில பத்துக் கிலோ எடை கூடுதல், பின்பக்கத்திலிருந்து சாலை இரைச்சல் சற்று அதிகம். ஆனால் பின் இருக்கையை மடித்தால், சக்கரத்தைக் கழற்றாமலே சைக்கிளைப் படுக்க வைக்கலாம். சலவை இயந்திரத்தை ஏற்றலாம். உயரமான காரைப்போல் வளைவில் சாய்வதும் இல்லை. எஸ்டேட்டுக்கென்றே உரிய கோளாறு ஒன்று உண்டு: டிக்கிக் கதவின் கீல் அருகே வளைந்து வளைந்து மின்கம்பிகள் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். பின் வைப்பர் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. பிறகு டிக்கிப் பூட்டும் தன் இஷ்டத்துக்குத் திறக்கும். வாங்கும்போது டிக்கியைப் பத்து முறை திறந்து மூடி, அங்குள்ள எல்லா விளக்குகளையும் சோதித்திருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கடந்த ஐந்து மாதங்களாக வேலைக்கான தூரம் நாற்பது கிலோமீட்டர். டிபிஎஃப் விளக்கு அதன் பிறகு எரியவில்லை, ஆயிலும் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. இதே காரைப் போன்ற ஒன்றை வாங்கலாமா என்று கேட்ட அலுவலக நண்பரிடம், நான் முதலில் கேட்டது அவருடைய தூரத்தைத்தான். எட்டுக் கிலோமீட்டர் என்றார், வேண்டாம் என்றேன். அவர் செல்லும் நகரில் பழைய டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு வருமா என்பதையும் பார்க்கச் சொன்னேன். லண்டனின் மையப் பகுதியில் 2019 ஏப்ரல் முதல் யூரோ 6 தரத்துக்குக் குறைந்த டீசல் கார்கள் நாள்தோறும் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது. என் கார் அந்தத் தரத்தை எட்டாது.

அவர் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். வீடு மாறும்போது அலமாரியை ஏற்ற என் காரைக் கேட்டார், கொடுத்தேன். கொடுப்பதற்கு முன், எரிபொருள் மூடியின் உட்புறத்தில் ‘டீசல் மட்டும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். காமன் ரெயிலின் உயரழுத்தப் பம்ப்புக்கு மசகாக இருப்பதும் டீசல்தான். அதில் பெட்ரோல் ஓடினால் பம்ப் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும், அந்தத் தூள் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். பெட்ரோல் காருக்குப் பழகிய கை எந்தக் குழாயை எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.