நரைமுடிக்கு லேசர் உதவாது: திருச்சியிலும் சென்னையிலும் ஒரு தேடல்

கலிபோர்னியாவில் வசிக்கும் நான் இம்முறை ஆறு வார விடுமுறையில் திருச்சிக்கு வந்தபோது, பல் மருத்துவர், கண்ணாடிக் கடை, ரவிக்கைத் தையல் என்ற வழக்கமான வேலைகளோடு எலக்ட்ரோலிசிஸ் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டேன். கல்லூரிக் காலத்திலிருந்தே பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறின் தொல்லை இருப்பதால் தாடையில் தடித்த முடி வளரும். லேசர் எடுத்துக்கொண்டதில் கருமுடி பெரும்பாலும் அடங்கிவிட்டது, மிஞ்சியவை நரைத்துவிட்டன. லேசர் ஒளி முடியிலுள்ள மெலனின் நிறமியைச் சூடாக்கித்தான் வேரைத் தாக்குகிறது என்பதால், நிறமி இழந்த நரைமுடியை அது ஒன்றும் செய்வதில்லை. ஒவ்வொரு முடிக்குழியிலும் ஊசி நுழைத்து மின்சாரம் செலுத்தும் எலக்ட்ரோலிசிஸே அதற்கு வழி.

தில்லைநகரிலும் கண்டோன்மென்டிலும் நான் ஏறி இறங்கிய ஐந்து இடங்களில் நான்கில் கிடைத்தது ஒரே பதில்தான்: "அதெல்லாம் பழைய முறை மேடம், இப்ப லேசர்தான்." நரைமுடிக்குமா என்று கேட்டதற்கு, எட்டு சிட்டிங்கில் மொத்தமாகப் போய்விடும் என்றார்கள். ஓரிடத்தில் முடிக்கு முதலில் டை அடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள்; வெளியே தெரியும் தண்டில் ஏறும் சாயம் தோலுக்குள் இருக்கும் வேருக்கு எப்படிப் போகும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இன்னோரிடத்தில் வாசல் பலகையில் 'நிரந்தர முடி நீக்கம்' என்றும், கையெழுத்திடக் கொடுத்த படிவத்தில் 'முடிக் குறைப்பு' என்றும் இருந்தது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ லேசருக்கு அனுமதித்திருக்கும் சொல்லும் நிரந்தரக் குறைப்பு என்பதுதான். ஆகவே படிவம் உண்மையைச் சொல்லியது, பலகைதான் பொய் சொல்லியது.

ஐந்தாவது, ஒரு வீட்டு முன்னறையில் நடக்கும் சிறிய பார்லர். அதை நடத்தும் அம்மா எலக்ட்ரோலிசிஸ் கற்று, சில ஆண்டுகள் செய்தும் வந்தவர். "அரை மணி நேரம் குனிஞ்சு உக்காந்து முப்பது முடி எடுப்பேன் மா. அந்த நேரத்துல அஞ்சு பேருக்குப் புருவம் திருத்திடலாம்" என்று அவர் சொன்ன கணக்குதான் இந்தத் தொழில் ஊரில் அருகிப்போனதற்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது. சென்னையில் தோல் மருத்துவரிடம் போகும்படி சொல்லி அனுப்பியவரும் அவரே.

சென்னைக் கிளினிக்கில் மருத்துவரே சிகிச்சை செய்தார். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியின் உறையை என் கண்ணெதிரே கிழித்தார். ஈரத்துணி சுற்றிய உலோகத் தண்டு ஒன்றை என் கையில் பிடிக்கச் சொல்லிவிட்டு, முடியளவே தடிமனுள்ள ஊசியைத் தோலைக் குத்தாமல் முடி முளைத்திருக்கும் குழியிலேயே சறுக்கி இறக்கி, காலால் பெடலை மிதித்தார். உள்ளே ஒரே திசையில் பாயும் டிசி மின்சாரம் தோலின் ஈரத்திலும் உப்பிலும் வினைபுரிந்து, சோப்புக் காய்ச்சப் பயன்படும் அதே காரத்தைத் துளியளவு உண்டாக்குகிறது. வேரை அழிப்பது அதுதான். சில விநாடிகளில் குழியின் வாயில் மெல்லிய நுரை தெரியும். பிறகு இடுக்கியால் தொட்டாலே, வேரில் பளபளக்கும் உறையுடன் முடி வழுக்கி வந்துவிட வேண்டும். பிடுங்கும் வலி தெரிந்தால் அந்த வேர் இன்னும் சாகவில்லை என்று பொருள். கண்ணுக்குள் வளைந்து உறுத்தும் இமைமுடியை அகற்ற 1875இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷேல் எழுதிவைத்த முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

கட்டணம் கலிபோர்னியாவில் நான் கொடுப்பதில் கால் பங்குகூட ஆகவில்லை. ஆனால் குறை இல்லாமல் இல்லை. முதல் நாள் மின்சாரத்தின் அளவு சற்று அதிகமாகிவிட்டதில், அடுத்த வாரம் நடந்த உறவுக்காரத் திருமணத்தில் தாடையில் கரும்பொருக்குகளோடு நின்றேன், "என்னடி, கொசுக்கடியா?" என்று அத்தை மூன்று முறை கேட்டார். நம் மாநிறத் தோலில் இத்தகைய காயம் கருந்தழும்பாக மாதக்கணக்கில் தங்கக்கூடும் என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னபின் இரண்டாம் முறை அளவைக் குறைத்தார், பொருக்கு வரவில்லை. கலிபோர்னியாவில் எலக்ட்ரோலிசிஸ் செய்பவர் பயிற்சி முடித்து, தேர்வெழுதி, மாநில உரிமம் பெற்றிருக்க வேண்டும். இங்கே எந்தச் சுவரிலும் அப்படியோர் உரிமத்தை நான் காணவில்லை. எனவே ஊசி புதிதா, மின்சாரம் எந்த அளவில் தொடங்கும், நரைமுடி எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறார் என்பதையெல்லாம் நாமே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆறு வாரத்தில் இது முடிகிற வேலையும் அல்ல. ஒரே நேரத்தில் எல்லா முடியும் வளர்வதில்லை. உறங்கும் வேர்கள் பிறகுதான் முளைக்கும். இடையில் த்ரெட்டிங்கோ பிடுங்குவதோ கூடாது, கத்தரித்துக்கொள்ளலாம். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள், திருச்சி பார்லர் அம்மாவிடம் தாடையைக் காட்டப் போனேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஊசி ஒன்று என்ன விலை என்று விசாரித்தார். பின்பு உள்ளே போய்த் தன் பழைய மெஷினைத் தூக்கிவந்து தூசி தட்டினார். பெடல் வயரை எலி கடித்திருந்தது.