ப்ரோக்கோலிக்கு காசு குடுக்கணுமா, முட்டைகோஸே போதுமா?

கடையில ப்ரோக்கோலிய பிளாஸ்டிக் சுத்தி மாப்பிள்ளை மாதிரி உக்கார வச்சிருக்கான், முட்டைகோஸ் கீழ கூடையில கெடக்கு. ஆனா இந்த ரெண்டும், கூடவே காலிஃப்ளவரும் நூக்கோலும், எல்லாமே ஒரே செடியினம்தான், ஒண்ணுல பூவையும் ஒண்ணுல இலையையும் ஒண்ணுல தண்டையும் பெருசாக்கி வளத்திருக்காங்க, அவ்ளோதான்.

விட்டமின் சி பாத்தா ப்ரோக்கோலி தான் டாப், 100 கிராம் பச்சையா சுமார் 89 மி.கி. அடுத்தது யாருமே கண்டுக்காத நம்ம நூக்கோல், 62. காலிஃப்ளவர் 48, கோஸ் 37. நிறைய தண்ணி ஊத்தி வேகவச்சு வடிச்சா பாதி சிங்க்ல போயிடும், அது வேற கதை.

ப்ரோக்கோலிக்கு இவ்ளோ பில்டப் வந்ததுக்கு காரணம் அதுல கிடைக்கிற சல்ஃபோராஃபேன்ங்கிற ஒரு பொருள். 1992ல அமெரிக்காவோட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யூனிவர்சிட்டில பால் தலாலேங்கிற விஞ்ஞானியோட டீம் அத ப்ரோக்கோலில இருந்து பிரிச்சு காட்டுனாங்க, உடம்போட நச்சு நீக்குற என்சைம்கள தூண்டி விடுதுன்னு. அதுக்காக கேன்சரே வராதுன்னு ஃபார்வர்ட் பண்றதெல்லாம் ரொம்ப ஓவர். இதுல மேட்டர் என்னன்னா சல்ஃபோராஃபேன் காய்ல ரெடியா இருக்காது, வெட்டும்போது ஒரு என்சைம் கலந்துதான் உருவாகும், அந்த என்சைம் சூட்டுல செத்துடும். அதனால வெட்டி அரை மணி நேரத்துக்கு மேல அப்படியே விட்டுட்டு அப்புறம் ஆவில மூணு நாலு நிமிஷம் வச்சா போதும். ஃப்ரோசன் பாக்கெட்ட ஏற்கனவே சுடுதண்ணில காட்டித்தான் அடைக்கிறாங்க, சோ அதுல என்சைம் பெருசா மிச்சம் இருக்காது. மேல கொஞ்சம் பச்சை கடுகுப்பொடி தூவுனா அதுல இருக்குற என்சைம் அந்த வேலைய பாத்துடும். தாளிச்ச கடுகுக்கு இது நடக்காது, எண்ணெய்லயே காலி. கடுக பச்சையா அரைச்சு விடுற தயிர்ப்பச்சடி தொட்டுக்கிட்டா கரெக்டா இருக்கும்.

கோஸ்ல சல்ஃபோராஃபேன் கம்மி, ஆனா கடுகு மாதிரி காரம் குடுக்குற வேற சத்து இருக்கு, விலையும் கம்மி, வாரத்துல மூணு நாள் பொரியலா உள்ள போகும். எப்பவாவது சாப்பிடுற ப்ரோக்கோலிய விட எனக்கு அதான் பெட்டர்னு தோணுது. கேஸ் பிடிக்கும், ஒத்துக்கறேன்.

காலிஃப்ளவர்? நல்ல காய்தான், நாம தான் அத 65 போட்டே கெடுத்துட்டோம்.

தைராய்டு இருக்கறவங்க வழக்கமான அளவுல வேகவச்சு சாப்பிட பொதுவா பயப்பட வேணாம். ரத்தம் உறையாம இருக்க குடுக்குற வார்ஃபரின் மாத்திரை எடுக்கறவங்க மட்டும் ப்ரோக்கோலியோ கோஸோ டாக்டர்ட்ட கேக்காம திடீர்னு கூட்டவோ குறைக்கவோ கூடாது, ரெண்டுலயும் விட்டமின் கே ஜாஸ்தி.