சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டு: நெகிழ்ந்த தரையில் பைக் நிறுத்திய நீண்ட கால அனுபவம்

சைடு ஸ்டாண்டின் பாதத்தோடு போல்ட் போட்டுப் பொருத்தும் அகலத் தட்டு, நிறுத்தும்போது மட்டும் அடியில் வைத்து எடுக்கும் தனித் தட்டு ஆகிய இரண்டையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டும் ஒரே தேவைக்கென்றுதான் விற்கப்படுகின்றன. ஆனால், ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

ஸ்டாண்டு மண்ணில் புதைவதற்குப் பைக்கின் எடையைவிட, அந்த எடை இறங்கும் பரப்பின் சிறுமையே பெரிய காரணம். 4 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள பாதத்தின் பரப்பு 12 சதுர செ.மீ. மட்டுமே; 9 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டின் பரப்போ ஏறத்தாழ 64 சதுர செ.மீ. ஆகவே, தட்டு வளையாமல் இருக்கும் வரை, தரையின் மீதான அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பாதம் சிறிது இறங்கியதும் பைக் கூடுதலாகச் சாய்கிறது; சாய்வு கூடக் கூட ஸ்டாண்டு தாங்கும் பங்கும் கூடுகிறது; அதனால் பாதம் இன்னும் இறங்குகிறது. முதலில் மெதுவாகத் தொடங்கும் இந்தச் சரிவு, கடைசியில் மிக வேகமாக முடிந்துவிடும். நிறுத்திய கணத்தில் அசையாமல் நிற்கும் வண்டியைப் பார்த்துத் தரை உறுதியானது என்று முடிவு செய்யக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். இறங்கிய பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, கையுறைகளை எடுத்து வைக்கும் வரையாவது பக்கத்தில் நின்று பாதத்தின் விளிம்பைக் கவனிப்பது நல்லது.

பொருத்திய அகலத் தட்டுக்கு அன்றாடப் பயன்பாட்டில் ஈடு இல்லை. மறக்கவும் முடியாது, தொலைக்கவும் முடியாது. கடும் வெயிலில் இளகிய தார்த் தளத்திலும், சரளைக் கல்லிலும், காய்ந்த புல்தரையிலும் அது ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. பராமரிப்பு மட்டும் தேவை. மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் இடையில் பாதத்தை இறுக்கிப் பிடிக்கும் சிறிய போல்ட்டுகள் அதிர்வில் தளர்ந்துவிடும் என்பதால், மரையில் பிடிப்புப் பசை இட்டு முடுக்கியிருக்கிறேன். சங்கிலிக்கு எண்ணெய் இடும்போதெல்லாம் அவற்றையும் தொட்டுப் பார்த்துவிடுகிறேன். ஸ்டாண்டை மடக்கிய நிலையில் தட்டின் விளிம்பு சங்கிலியிலோ புகைபோக்கியிலோ உரசுகிறதா என்பதையும், அந்தப் பக்கம் வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது தரையைத் தொடுகிறதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

ஆனால் மழை ஊறிய களிமண்ணும் உதிரி மணலும் வேறு வகை. பொருத்தும் தட்டை ஓர் அளவுக்கு மேல் பெரிதாக்க இயலாது. அங்கே கைக்குத் தனித் தட்டுதான் வர வேண்டும். நான் வைத்திருப்பது தடித்த பிளைவுட்டில் வெட்டிய, விரித்த கையைவிடச் சற்றே பெரிய சதுரத் துண்டு. பாதம் வழுக்காதிருக்க நடுவில் ஒரு பள்ளமும், மூலையில் துளையிட்டுக் கட்டிய நீண்ட கயிறும் அதில் உண்டு. கயிற்றின் மறுமுனையை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டால், வண்டியில் அமர்ந்து நிமிர்த்திய பிறகு குனியாமலே தட்டை மேலே இழுத்துக்கொள்ளலாம். தட்டை விட்டுவிட்டுப் புறப்படுவதும் நேராது. முன்பு பயன்படுத்திய பிளாஸ்டிக் தட்டு வெயிலில் வெளிறி, விளிம்பில் மயிரிழை விரிசல்கள் ஓடி, ஒரு நாள் பாரத்தில் இரண்டாகப் பிளந்தது. அதன் பிறகு பிளாஸ்டிக்கை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. உதிரி மணலில் எந்தத் தட்டானாலும், மேலாக உள்ள காய்ந்த மணலைக் காலால் ஒதுக்கி, அடியிலுள்ள ஈரப்பதமான கெட்டி அடுக்கின் மீது வைத்தால் நன்றாக நிற்கும்.

தட்டின் தடிமனைப் பலர் கவனிப்பதில்லை. தட்டு தடிமனாக இருந்தால் அந்த அளவுக்கு வண்டி நிமிர்ந்து நிற்கும். மிகையாக நிமிர்ந்தால், காற்றோ ஒரு சிறு மோதலோ எதிர்ப்பக்கம் சாய்த்துவிடலாம். சுமை ஏற்றிய வண்டியில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் எடையால் சஸ்பென்ஷன் அமுங்கும்போதே வண்டி நிமிர்ந்துவிடுகிறது. பக்கவாட்டுப் பெட்டிகளைக் கழற்றும்போது ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கப் பெட்டியை முதலில் எடுப்பதே என் வழக்கம். சுமை முழுதும் இறங்கியதும் சஸ்பென்ஷன் உயர்ந்து சாய்வு கூடும் என்பதால், அப்போது தட்டை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டை நெகிழ்ந்த தரையில் நான் பயன்படுத்துவதில்லை. இரு கால்களில் ஒன்று மட்டும் புதைந்தாலே வண்டி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். தவிர்க்க முடியாத நிலையில், இரு கால்களும் சேர்ந்து அமரும் அளவுக்கு நீளமான ஒரே பலகையைத்தான் இட வேண்டும். தனித்தனித் துண்டுகள் உதவா.

சரிவில் நிறுத்தும்போது முன்சக்கரத்தை மேட்டுப்பக்கம் நோக்க வைத்து, முதல் கியரில் விடுகிறேன். இரவு முழுவதும் நிற்க வேண்டிய இடத்தில், மாலையில் தரை எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும், மழை வரும் அறிகுறி இருந்தால் பொருத்திய தட்டுக்கு அடியிலேயே பிளைவுட் துண்டையும் சேர்த்து வைத்துவிடுகிறேன். புதிதாக வாங்குபவர் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், பொருத்தும் தட்டையே வாங்கலாம். தனித் தட்டை எந்தத் தச்சரிடமும் வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.