அயர்ன் ஓர், அர்பேன் பிரான்ஸ்: படுக்கையறைக்கு எது?

அமெரிக்க பெயிண்ட் நிறுவனமான ஷெர்வின்-வில்லியம்ஸ் கடையில் கலர் அட்டையாகப் பார்த்தால் அயர்ன் ஓரும் (7069) அர்பேன் பிரான்ஸும் (7048) அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். சுவர் எத்தனை சதவீத வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்று சொல்லும் எல்ஆர்வி எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றே: முன்னது 6, பின்னது 8. இந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். அடியில் ஓடும் சாயல்தான் முக்கியம். அயர்ன் ஓரில் சிவப்பு, பச்சை, நீலம் (ஒவ்வொன்றும் 255க்கு) 67, 67, 65, சுத்தமான கரிச்சாம்பல். அர்பேன் பிரான்ஸில் 84, 80, 74. நீலம் குறைவதால் பழுப்பு எட்டிப் பார்க்கும்.

அந்தப் பழுப்புக்கு வெயில் வேண்டும், இல்லையென்றால் 2700 கெல்வின் மஞ்சள் பல்பாவது வேண்டும். அமெரிக்க வீடுகளில் வடக்குப் பார்த்த ஜன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது, வரும் வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருக்கும். அங்கே அர்பேன் பிரான்ஸ் சேறு பூசியதுபோல் மங்கிவிடும். 4000 கெல்வின் வெள்ளை பல்பு போட்டாலும் அதே கதி. அயர்ன் ஓர் இதற்கெல்லாம் அசையாது. ஆனால் இருட்டு அறையில் கறுப்பாகவே தெரியும். மூலைகள் காணாமல் போகும்.

மரத்தரை, தெற்கு அல்லது மேற்கு ஜன்னல், அலபாஸ்டர் வெள்ளையில் கதவுச் சட்டம் என்றால் தயங்காமல் அர்பேன் பிரான்ஸ். டிவி அறைக்கும் சாம்பல் தரைக்கும் அயர்ன் ஓர். (2021இன் 'ஆண்டின் நிறம்' என்ற பட்டம் அர்பேன் பிரான்ஸுக்குக் கிடைத்தது, அதற்காக வாங்க வேண்டாம்.)

சாம்பிளைச் சுவரில் நேரடியாகத் தீட்டாதீர்கள். சுற்றிலும் வெள்ளை இருந்தால் எந்த டார்க் கலரும் கறுப்பாகத்தான் தெரியும். இரண்டடி அட்டையில், ஓரம் விடாமல் இரண்டு கோட் அடித்து, ஜன்னல் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

12க்கு 12 அடி அறை, 8 அடி உயரம் என்றால் கதவு ஜன்னல் போக 340 சதுர அடி வரும். ஒரு கேலன் 350 முதல் 400 சதுர அடி போகும்; இரண்டு கோட்டுக்கு 2 கேலன். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள், டப்பாவுக்கு டப்பா சாயம் கொஞ்சம் மாறும். அடியில் சாம்பல் ப்ரைமர் கட்டாயம். வெள்ளை ப்ரைமர் மேல் அடித்தால் மூன்றாவது கோட்டும் இழுக்கும், மூன்றாவது கேலனும் வாங்க வேண்டிவரும்.

ரோலர் உறையின் நூல் உயரம் 3/8 அங்குலம். ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டையை அதன்மேல் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் பட்டை பட்டையாகத் தழும்பு தெரியும். பளபளப்பில்லாத மேட் பினிஷ் அழகுதான், ஆனால் டார்க் கலரில் தோள் உரசினாலே அந்த இடம் பளபளக்கும். லேசாகப் பளபளக்கும் சாட்டின் பினிஷ் கழுவத் தாங்கும். பதிலுக்குச் சுவரின் மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். கீறல் விழுந்தால் பிரஷ்ஷால் புள்ளி வைத்துச் சரிசெய்ய முடியாது, திட்டு தனியாகத் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரையும் உருட்ட வேண்டும். அதற்கும் சேர்த்தே கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.