வாஷிங் மெஷின் போர்டு ரிப்பேர்: ரிச்சி ஸ்ட்ரீட் மாடிக்கடை எப்படி?

கடைப் பெயரைப் போடவில்லை. கடைக்காரரே வேண்டாம் என்றுவிட்டார். "ஏற்கெனவே ரேக் முழுக்க போர்டு கிடக்குதும்மா, இன்னும் ஆள் வந்தா நான் எங்க வைக்கிறது?" சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு, அதாவது மெஷினை இயக்கும் சர்க்யூட் பலகை, சரிசெய்யும் கடைகள் நிறைய உண்டு. அதில் வேலை தெரிந்தவர் எப்படி இருப்பார் என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

பெரம்பூரில் எங்கள் தெருவில் ஒரு ராத்திரி நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், அறுந்துவிட்டது. நியூட்ரல் போனால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வரைக்கும்கூட ஏறும். மெஷின் அப்போது ஓடவில்லை, ஆனால் பிளக் பாயின்ட் சுவிட்ச் போட்டபடி இருந்தது. அது போதுமாம். காலையில் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லை.

கம்பெனி சர்வீஸிலிருந்து வந்த பையன் பையிலிருந்து மல்டிமீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. "போர்டு போச்சு மேடம், புதுசு 7,800 ஆகும்." எந்த பாகம் போச்சு என்று கேட்டதற்கு, போர்டுதான் பாகம் என்றார். வந்து போனதற்குத் தனியாக ஒரு தொகை. சரி என்று போர்டைக் கழற்றித் தரச் சொல்லி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். (நீங்களே கழற்றுவதானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எந்த ஒயர் எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் மெஷின் என்றால் கொஞ்ச நேரம் விட்டுத் தொடுங்கள். அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.)

எங்களுடையது டாப் லோடு. ஈரம், எறும்பு, பல்லி அண்டாமல் இருக்க போர்டு மேல் கெட்டியாக ஜெல் ஊற்றியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததுமே கீழ்க்கடைகளில் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். மாடிக்கடை அண்ணன் மட்டும், கரண்ட் நுழைகிற மூலையில் ஜெல்லைச் சின்னக் கத்தியால் பெயர்த்தார். உள்ளே நீல நிறத்தில் வட்டமாக ஒரு பாகம், எம்ஓவி என்பார்கள், கருகிப் பிளந்திருந்தது. வோல்டேஜ் எகிறினால் அது குறுக்கே நின்று ஃபியூஸைப் பறக்கவிடும். "இது செத்ததாலதான் மத்தது பொழைச்சிருக்கும், பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடித்திருந்தது. எம்ஓவி, ஃபியூஸ் இரண்டையும் மாற்றிவிட்டு நேராக கரண்ட் கொடுக்கவில்லை. ஒரு பழைய குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே போர்டுக்குப் போகிற மாதிரி, போட்டுக் கொடுத்தார். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், இல்லாவிட்டால் ஒரு மின்னு மின்னி அடங்கும். எங்கள் போர்டுக்கு முழுசாகவே எரிந்தது. மறுபடி கத்தி, மறுபடி ஜெல். போர்டுக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டைத் தயாரிக்கிற சிப், பவர் சப்ளை ஐசியும் போயிருந்தது. அதையும் மாற்றிய பிறகு பல்பு மின்னி அடங்கியது. வால்வு, மோட்டார் இருக்க வேண்டிய இடங்களில் பல்புகளைக் கோத்து, போர்டிலுள்ள ரிலே சுவிட்ச் ஒவ்வொன்றும் டக் டக்கென்று போடுவதைக் காட்டினார். மொத்தம் 1,300 ரூபாய். கழற்றிய பாகங்களைக் கேட்காமலே பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

ஆனால் நான் இந்தக் கடையைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் என் போர்டு அல்ல. கீழ்வீட்டு அக்காவின் ஃப்ரண்ட் லோடு மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் எர்ரர் காட்டியது. போர்டைக் கழற்றி எடுத்து வந்தார். அண்ணன் கையில்கூட வாங்கவில்லை. "எர்ரர் காட்டுதுன்னா போர்டு உசுரோட இருக்குதும்மா. அது மத்தவங்க மேல புகார் சொல்லுது. முதல்ல பம்பைப் பாருங்க." பம்ப் காயிலில் மீட்டர் வைத்தால் 150, 200 ஓம் போல வர வேண்டும், தண்ணீர் உள்ளே விடுகிற வால்வில் 4,000 பக்கம் வர வேண்டும், ஒன்றுமே வராவிட்டால் காயில் கட் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தண்ணீர் அளவு குழம்பினால், சென்சாருக்குப் போகிற மெல்லிய ரப்பர் ட்யூப் கழன்றிருக்கிறதா, அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மீட்டருக்கே வேலை வரவில்லை. பம்ப் ஃபில்டரைத் திறந்தால் ஒரு ஹேர்பின், இரண்டு ரூபாய் நாணயம். அண்ணன் காசே வாங்கவில்லை. போர்டு மாற்று என்று சொல்லியிருந்தால் அக்கா மறுபேச்சில்லாமல் மாற்றியிருப்பார்.

குறைகளும் உண்டு. வீட்டுக்கு வர மாட்டார். போர்டைத் திரும்ப மாட்டுவது உங்கள் பாடு. இன்று வா, நாளை வா கதை தாராளமாக நடக்கும். போனை எடுப்பது அவர் மனசைப் பொறுத்தது. உத்தரவாதம் ஒரு மாதம், அதுவும் வாய்வார்த்தை. பில் கிடையாது. இன்வெர்ட்டர் போர்டில் மோட்டாரை ஓட்டுகிற மாட்யூல் போயிருந்தால் தொட மாட்டார், புதுசு வாங்குங்கள் என்று நேராகச் சொல்லிவிடுவார். வாரண்டி பாக்கி இருக்கும் மெஷினையும் எடுப்பதில்லை, அது நியாயம்தான். மாடிப்படி ஒரு ஆள் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத அகலம், முட்டி வலி உள்ளவர்கள் யாரையாவது அனுப்புங்கள்.

வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடமே கிடைக்காது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.