டிபிடிக்கு முன்னால்: கினிசியாலஜியா, பயாலஜியா?

அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆக, நம்மூர் பிபிடி (பிசியோதெரபி இளங்கலை) போல பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேர்வது அபூர்வம். முதலில் இளங்கலை, அப்புறம் சுமார் 3 ஆண்டு டிபிடி, அதாவது பிசியோதெரபி டாக்டர் பட்டம். இளங்கலையில் எந்த மேஜரும் (முதன்மைப் பாடம்) எடுக்கலாம். முன்தேவைப் பாடங்களும் மதிப்பெண்ணும்தான் முக்கியம். ஆனாலும் பேச்சு கடைசியில் கினிசியாலஜி, பயாலஜி என்ற இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

கினிசியாலஜியில் உடல் அசைவுதான் பாடமே. ஒருவர் குந்தும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது; எழும்போது அதே தசை சுருங்கித் தூக்குகிறது. இப்படிப் பார்த்துப் பழகிய கண், டிபிடி முதலாண்டில் உடற்கூறியல் வந்து அமுக்கும்போது கைகொடுக்கும். ஒரு சிக்கல்: பல டிபிடி கல்லூரிகள் வேதியியல் 2 பருவம், இயற்பியல் 2 பருவம், அதுவும் ஆய்வக வகுப்போடு கேட்கும். சில கினிசியாலஜி பாடத்திட்டங்களில் இவை முழுதாக இருக்காது. தனியாகச் சேர்த்துப் படித்தால் காசும் நேரமும் கூடும்.

பயாலஜியில் அவை பெரும்பாலும் உள்ளேயே வந்துவிடும். மனம் மாறினால் மருத்துவம், பல் மருத்துவம் பக்கம் திரும்பவும் வசதி. ஆனால் கரிம வேதியியல், மரபியல் என்று டிபிடி பெரும்பாலும் கேட்காததையும் படித்து ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) சரியலாம்.

பிசியோதான் என்று உறுதியாக இருப்பவருக்கு என் ஓட்டு கினிசியாலஜிக்கு. உறுதி இல்லையா, சரி, முதலில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் வேலை செய்வதை உடன் நின்று பாருங்கள். அப்படி நின்ற மணிக்கணக்கைப் பல டிபிடி கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே கேட்கின்றன.